1800கள்ல இருந்த ஒரு ஸ்காட்லாந்து கிராமத்து வீட்டை சென்சஸ் புத்தகத்துல தேடிப் படிக்கிறது எப்படி

எங்க பாட்டி இலங்கையில கண்டி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல (தோட்டத்துக்குச் சொந்தமான வரிசை வீடு) பொறந்தவங்க, தோட்டத் தமிழர்கள்ல பல பேரை இந்தியாவுக்கு அனுப்பின சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் கூடலூர் வந்து சேர்ந்தவங்க. அவங்க சொல்ற கதையில எல்லாம் "தொரை"ன்னு ஒருத்தர் வருவாரு, அந்த தொரைமாருங்க எல்லாம் ஏதோ அரண்மனையில பொறந்து வந்தவங்கன்னு நான் ரொம்ப வருஷம் நெனச்சிட்டு இருந்தேன். அப்புறம் படிக்கும்போதுதான் தெரிஞ்சுது, 1867-ல லூல்கந்துர தோட்டத்துல 19 ஏக்கர்ல தேயிலை போட்டு அந்தத் தொழிலையே ஆரம்பிச்சு வச்ச ஜேம்ஸ் டெய்லர், வண்டிச் சக்கரம் செய்யற ஒரு தச்சரோட பையன், ஸ்காட்லாந்துல கின்கார்டின்ஷயர் கவுன்ட்டில (நம்ம மாவட்டம் மாதிரி) ஆக்கன்ப்ளேங்கிற சின்ன ஊர் பக்கத்துல பொறந்தவர். அந்த மாதிரி ஊர்ல வீடு எப்படி இருந்திருக்கும், யார் யார் இருந்திருப்பாங்கன்னு தேட ஆரம்பிச்சதுதான் என்னை இந்த சென்சஸ் புத்தகங்கள் பக்கம் கொண்டு வந்து விட்டுச்சு. இப்ப மூணு நாலு பேர் இதையே கேட்டதால நான் எப்படித் தேடுறேன், எப்படிப் படிக்கிறேன்னு இங்க எழுதி வைக்கிறேன்.

மொதல்ல தேதிகள். இதை ஒரு பேப்பர்ல எழுதி பக்கத்துல ஒட்டி வச்சுக்கோங்க, ஏன்னா எல்லாக் கணக்கும் இதுலதான் நிக்குது. 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31. எல்லாமே ஞாயித்துக்கிழமை. அந்த ஒரு ராத்திரி அந்த வீட்டுக் கூரைக்குக் கீழ யார் தூங்கினாங்களோ அவங்க பேர்தான் அந்த வீட்டுல வரும், அக்கா வீட்டுக்குப் போயிருந்த பொண்ணு அக்கா வீட்டுக் கணக்குல வருவா, அதனால "பொண்ணு காணோமே, செத்துட்டாளோ"ன்னு உடனே முடிவு பண்ணாதீங்க. 1801-லேர்ந்து 1831 வரைக்கும் எடுத்த நாலு கணக்கெடுப்பு வெறும் தலை எண்ணிக்கைதான், ஒண்ணு ரெண்டு ஊர்ல யாராவது ஆசையா பேர் எழுதி வச்சிருந்தா உண்டு.

எங்க தேடுறது? ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்னு ஒரு தளம், அது ஸ்காட்லாந்து அரசாங்க ஆவணக் காப்பகத்தோடது, ஒரிஜினல் பக்கத்தோட படம் அங்கதான் கிடைக்கும். பேர் போட்டுத் தேடுறதுக்கு காசு இல்ல, படத்தைத் திறக்கத்தான் கிரெடிட் வாங்கணும். 1881 பட்டியல் ஃபேமிலிசர்ச்ல இலவசம். ஃப்ரீசென்ங்கிற தன்னார்வலர் தளத்துல சில கவுன்ட்டிகள் டைப் பண்ணி போட்டிருக்காங்க, அதுவும் இலவசம். இந்த ரெண்டு இலவச இடத்துல ஆளை உறுதி பண்ணிட்டு அப்புறமா காசு குடுத்து படத்தைத் திறங்க. ஆனா படத்தைக் கண்டிப்பா திறங்க, டைப் பண்ண படியோட நிறுத்திடாதீங்க, ஏன்னா இன்னொருத்தர் கண்ணால படிச்சு டைப் பண்ணதுல ஊர்ப் பேரும் வேலையும் நிறைய மாறிப் போயிருக்கும். போதாததுக்கு நாம பாக்கற அந்த ஒரிஜினலே ஒரு நகல்தான். வீட்டுக்கு வீடு குடுத்த படிவத்தை வாங்கிட்டுப் போய் கணக்கெடுப்பாளர் ஒரு புத்தகத்துல எடுத்து எழுதினாரு, அந்தப் புத்தகம்தான் இன்னைக்கு இருக்கு, வீட்டுக்காரங்க கையால எழுதிக் குடுத்த தாள்கள் போயே போச்சு. சில இடத்துல அந்தப் புத்தகமும் இல்ல, ஃபைஃப் கவுன்ட்டில கிர்க்கால்டி மாதிரி சில ஊர்களுக்கு 1841 காணவே காணோம்.

தேடும்போது பேர்ல ஆரம்பிக்காதீங்க, பாரிஷ்ல ஆரம்பிங்க. பாரிஷ்னா ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட ஊர் எல்லை, நம்ம வருவாய் கிராமம் மாதிரி வச்சுக்கலாம். ஏன் இப்படிச் சொல்றேன்னா அங்க பேர் ரொம்பக் கம்மி, ஒரே பேர்ல பத்து பேர் இருப்பாங்க. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்த தாத்தா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மா வழி தாத்தா பேரு, மூத்த பொண்ணுக்கு அம்மா வழி பாட்டி பேரு, ரெண்டாவது பொண்ணுக்கு அப்பா வழி பாட்டி பேருன்னு ஒரு வழக்கம் அங்க பரவலா இருந்துச்சு. நமக்கு இது புதுசே இல்ல, பேரன்ங்கிற வார்த்தையே பெயரன்லேர்ந்து வந்ததுதானே. ஆனா விளைவைப் பாருங்க, ஒரு தாத்தாவுக்கு நாலு பையன் இருந்தா நாலு வீட்லயும் மூத்த பேரனுக்கு ஒரே பேரு, ஒரே இனிஷியல், கிட்டத்தட்ட ஒரே வயசு, பக்கத்து பக்கத்து பண்ணை. நான் ரெண்டு மாசம் ஒரு உழவுக்காரரை 1861, 1871, 1881-ன்னு பின்தொடர்ந்து போய் மூணு தலைமுறை எழுதி முடிச்சப்புறம்தான் அவர் நான் தேடின ஆள் இல்ல, அவரோட சித்தப்பா பையன்னு தெரிஞ்சுது, பொண்டாட்டி பிறந்த ஊரை நான் ஒத்துப் பாக்கவே இல்ல. அதுலேர்ந்து வீட்டுத் தலைவர் பேரை வச்சுத் தேடுறதையே விட்டுட்டேன். வீட்டுல யாருக்கு பேர் கொஞ்சம் அபூர்வமா இருக்கோ, அது அஞ்சு வயசுக் குழந்தையா இருந்தாலும் சரி, அவங்க பேரைப் போட்டுத் தேடுங்க, சீக்கிரம் மாட்டும். வயசுல முன்ன பின்ன அஞ்சு வருஷம் விட்டுடுங்க. இன்னொண்ணு, ஸ்காட்லாந்துல கல்யாணம் ஆனாலும் பொண்ணுங்க பிறந்த வீட்டுப் பேரை விட்டுடல, கல்லறைக் கல்லுலகூட அந்தப் பேர்தான் இருக்கும், சென்சஸ்ல பெரும்பாலும் புருஷன் பேர்ல வருவாங்க ஆனா விதவை ஆனப்புறம் சிலர் மறுபடி பிறந்த வீட்டுப் பேருக்கே போயிருப்பாங்க, அதனால ரெண்டு பேரையும் போட்டுப் பாருங்க.

1841-ஐ தனியா சொல்லியாகணும், அதோட விதியே வேற. 15 வயசுக்கு மேல இருந்தா அஞ்சோட மடங்குக்கு கீழ இறக்கி எழுதச் சொன்னாங்க, 39 வயசுக்காரர் 35-ன்னு வருவாரு, 24 வயசு 20 ஆகிடும். சின்னப் பிள்ளைங்க வயசு மட்டும் உள்ளபடி இருக்கும். யாருக்கு யார் என்ன உறவுன்னு எழுதவே இல்ல, ஒரு ஆம்பளை 35, ஒரு பொம்பளை 35-ன்னு இருந்தா புருஷன் பொண்டாட்டியாவும் இருக்கலாம், அண்ணன் தங்கச்சியாவும் இருக்கலாம். பிறந்த ஊரும் கிடையாது, அதே கவுன்ட்டியில பொறந்தவரா இல்லையான்னு ஒரு எழுத்து, இங்கிலாந்து, அயர்லாந்து, வெளிநாடுன்னா அதுக்கு ஒரு எழுத்து, அவ்வளவுதான் இருக்கும். பேர் ஓரத்துல சாய்ஞ்ச கோடு பாப்பீங்க, ஒத்தைக் கோடுன்னா அதே வீட்டுக்குள்ள ஒரு குடும்பம் முடிஞ்சு அடுத்தது ஆரம்பிக்குது, ரெட்டைக் கோடுன்னா வீடே முடிஞ்சுது, இதைக் கவனிக்காம ரெண்டு குடும்பத்தை ஒண்ணாக்கிடாதீங்க. 1851-லேர்ந்து உறவு, கல்யாணம் ஆச்சா இல்லையா, சரியான வயசு, பிறந்த பாரிஷ் எல்லாம் வருது, உண்மையான படிப்பு அங்கதான் ஆரம்பிக்குது.

பயிற்சிக்கு டெய்லரையே எடுத்துக்கலாம். அவர் பொறந்தது 1835 மார்ச் 29, ஊரு ஃபோர்டூன் பாரிஷ்ல. 1841 ஜூன்ல 6 வயசுன்னு இருக்கணும். 1851 கணக்கெடுப்பு மார்ச் 30, அதாவது 16 முடிஞ்ச மறுநாள் ராத்திரி, ஒரு நாள் முன்னாடி எடுத்திருந்தா சரியா பொறந்தநாள்லயே விழுந்திருக்கும். 1852-ல சிலோன் வந்துட்டாரு, அதனால 1861-ல அந்த வீட்டுல அவர் பேரைத் தேடக் கூடாது, அங்க இருக்கற தம்பி தங்கச்சிங்களைத் தேடணும். ஒரு ஆளுக்கு இந்த மாதிரி ஒரு வயசுக் கணக்கு போட்டு வச்சுக்கிட்டு தேட ஆரம்பிச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இப்ப ஒரு பக்கத்தை எப்படிப் படிக்கிறதுன்னு பாக்கலாம். நிஜக் குடும்பத்தோட பேர் எதையும் இங்க போட எனக்கு மனசு வரல, அதனால நான் பாத்த பக்கங்கள் சாயல்ல ஒரு வீட்டை நானே கோர்த்துத் தர்றேன். 1871, லாரன்ஸ்கிர்க் பாரிஷ், ஒரு பண்ணையை ஒட்டின கூலியாள் குடிசை. வீட்டுத் தலைவர் 41 வயசு, உழவுக்காரர், பொறந்தது ஃபோர்டூன். மனைவி 38, க்ளென்பெர்வி. பிள்ளைங்க ஆறு பேர், 13 வயசு ஃபோர்டூன், 11 அர்பத்நாட், 9 அர்பத்நாட், 4 கார்வாக், 2 மேரிகிர்க், கடைசி 5 மாசக் கைக்குழந்தை லாரன்ஸ்கிர்க். கூட மனைவியோட அம்மா, விதவை, 67. மொத்தம் ஒம்பது பேர். ஓரத்துல கடைசிக் கட்டத்துல 2-ன்னு ஒரு எண்.

நிறைய பேர் மொத வரியைப் படிச்சு "ஓ உழவுக்காரர்"ன்னு குறிச்சுட்டு அடுத்த பக்கம் போயிடுவாங்க. நான் சொல்றது, மொத வரியை விட்டுடுங்க, பிள்ளைங்க பிறந்த ஊர் கட்டத்தை மேலேர்ந்து கீழ வரைக்கும் விரல் வச்சுப் படிங்க. அது அந்த அம்மாவோட டைரி. அவங்களுக்கு நேரா வேலைங்கிற இடத்துல ஒண்ணுமே இருக்காது, இல்லன்னா "உழவுக்காரர் மனைவி"ன்னு இருக்கும், ஆனா 13 வருஷத்துல அஞ்சு பாரிஷ்ல ஆறு பிள்ளை பெத்திருக்காங்கன்னு அந்தக் கட்டம் சொல்லுது. ஃபோர்டூன்லேர்ந்து அர்பத்நாட், அங்கேர்ந்து கார்வாக், மேரிகிர்க், லாரன்ஸ்கிர்க். ஒவ்வொரு தடவையும் தட்டுமுட்டு சாமான், கோழி, கைக்குழந்தை, வயசான அம்மா எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டுப் போயிருக்காங்க.

ஏன் இவ்வளவு இடம் மாறினாங்கன்னா, அங்க பண்ணையாளுக்கு ஒப்பந்தம் கல்யாணம் ஆனவருக்கு ஒரு வருஷம், ஆகாதவருக்கு ஆறு மாசம். மே மாசக் கடைசி ஒரு தவணை, நவம்பர் கடைசி ஒரு தவணை. ஆள் எடுக்கறதுக்குன்னே சந்தை கூடும், அங்க நின்னு பேசி முடிச்சு அச்சாரம் வாங்கிக்குவாங்க. வேலை போச்சுன்னா வீடும் போச்சு, வீடு பண்ணையோடது. லயத்து வீட்டுல வளர்ந்த எங்க பாட்டிக்கு இதைச் சொன்னப்ப அவங்களுக்கு விளக்கவே வேண்டியிருக்கல. இதுலேர்ந்து தேடுறவங்களுக்கு ஒரு முக்கியமான விஷயம் வருது. ஏப்ரல் மாச சென்சஸ்னா தவணை முடிய இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல, அந்தப் பண்ணையில அவங்களோட கடைசி நாட்களா அது இருந்திருக்கலாம், ஜூலைல அடுத்த குழந்தை பொறந்தா பிறப்புப் பதிவுல வேற பண்ணைப் பேர் இருக்கும், அதைப் பாத்து தப்பான குடும்பம்னு ஒதுக்கிடாதீங்க. 1841 மட்டும் ஜூன்ல எடுத்ததால வண்டி இறக்கி ரெண்டு வாரம்கூட ஆகாத வீடுகள் அதுல நிறைய.

இன்னொண்ணையும் பாருங்க, 13, 11, 9-ன்னு ரெண்டு ரெண்டு வருஷமா வந்தது 9-க்கு அப்புறம் 4-க்குத் தாவுது. அந்த அஞ்சு வருஷ இடைவெளி சும்மா இருக்காது. ஒரு குழந்தை பொறந்து செத்திருக்கலாம், ரெண்டாகூட இருக்கலாம். ஸ்காட்லாந்துல 1855 ஜனவரி 1-லேர்ந்து பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாத்தையும் அரசாங்கமே பதிவு பண்ண ஆரம்பிச்சுது, அதனால 1862-லேர்ந்து 1867 வரைக்கும் அர்பத்நாட், கார்வாக் ரெண்டு பாரிஷ்லயும் இறப்புப் பதிவைத் தேடுங்க, அதுல அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும், அம்மாவோட பிறந்த வீட்டுப் பேரோட சேர்த்து இருக்கும். இப்படி ஒரு வீட்டுல தேடினப்ப மூணு வயசுக் குழந்தை ஒண்ணு தொண்டை நோயில போனது கிடைச்சுது, பத்து நாள் கழிச்சு அதோட தம்பியும். ரெண்டு சென்சஸுக்கு நடுவுல பொறந்து நடுவுலயே போன பிள்ளைங்க அந்தப் புத்தகங்கள்ல எங்கயுமே கிடையாது, நாம போய் எடுத்து வச்சாதான் உண்டு.

அந்த ஓரத்து எண் 2 என்னன்னா, ஜன்னல் இருக்கற அறை எத்தனைன்னு 1861-லேர்ந்து கேட்டாங்க. ஒம்பது பேருக்கு ரெண்டு அறை. அங்க வழக்கமான சின்ன வீடே அப்படித்தான், வெளி அறையில அடுப்பும் சமையலும், உள் அறை கொஞ்சம் நல்ல அறை, ரெண்டுக்கும் நடுவுல சுவர் மாதிரியே மரப் பெட்டிக் கட்டில், கதவைச் சாத்திக்கிட்டு உள்ள படுத்துக்கலாம், குளிர் தெரியாது. 1-ன்னு எண் இருந்து பத்து பேர் இருக்கற வீடுகளும் வரும். இந்த எண்ணைத் தவறாம குறிச்சுக்கோங்க, 1871-ல 2, 1881-ல 3-ன்னு ஏறிச்சுன்னா குடும்பத்தோட நிலைமை கொஞ்சம் மாறிருக்குன்னு அர்த்தம்.

15, 16 வயசுப் பிள்ளைங்க ஏன் இல்லன்னு கேப்பீங்க. 13, 14-லயே வேலைக்குப் போயிடுவாங்க. பொண்ணுங்க ஏதாவது ஒரு பண்ணை வீட்டுல "வேலைக்காரி"ன்னு இருப்பாங்க, அது வீட்டு வேலை மட்டும் இல்ல, பால் கறக்கறது, டர்னிப் வயல்ல களை எடுக்கறது எல்லாம் அதுல அடக்கம். கல்யாணம் ஆகாத பசங்க பாத்தின்னு சொல்ற தனிக் கொட்டகையில நாலஞ்சு பேரா தங்கி அவங்களே கஞ்சி காய்ச்சிக்குவாங்க, சென்சஸ்ல அந்தக் கொட்டகை தனி வீடாவே வரும், அதுல 19 வயசுப் பையன் ஒருத்தன் வீட்டுத் தலைவர்னு எழுதப்பட்டிருப்பான். அதனால உங்க குடும்பம் இருக்கற பக்கத்தோட நிறுத்தாம முன்னாடி பின்னாடி நாலஞ்சு பக்கம் தள்ளிப் பாருங்க, கணக்கெடுப்பாளர் பண்ணை பண்ணையா நடந்து போன வரிசையிலதான் எழுதினாரு, காணாமப் போன பையன் பெரும்பாலும் ரெண்டு பண்ணை தள்ளித்தான் இருப்பான். குடும்பமே பக்கத்தோட அடியில ஆரம்பிச்சு அடுத்த பக்கத்துக்குத் தாண்டறதும் உண்டு.

வேலை, உறவு பத்தின வார்த்தைகள் கொஞ்சம் ஏமாத்தும். க்ராஃப்டர்னா மேற்கு வடக்குப் பக்கம் துண்டு நிலம் வாடகைக்கு வச்சிருந்தவர், காட்டர்னா நிலமே இல்லாம குடிசை மட்டும் உள்ளவர், க்ரீவ்னா பண்ணைக்கு கங்காணி. ஸ்காலர்னா பெரிய படிப்பு இல்ல, பள்ளிக்கூடம் போற பிள்ளை, அவ்வளவுதான். பாப்பர்னா 1845 ஏழைச் சட்டப்படி பாரிஷ்கிட்ட உதவி வாங்கறவர், பெரும்பாலும் வயசான பொம்பளைங்க. மருமகள்னு இருந்தா சில நேரம் அது மூத்த தாரத்துப் பொண்ணு, புருஷனோ பொண்டாட்டியோ முன்னாடி கல்யாணத்துல பெத்தது. மலைப்பகுதி வீட்டுல வேற பேரோட கிளாஸ்கோல பொறந்த 7 வயசுப் பிள்ளை "போர்டர்"னு (காசுக்கு வச்சுப் பாத்துக்கற வெளியாள்) இருந்தா அது நகரத்துலேர்ந்து வளக்கக் குடுத்த அனாதைப் பிள்ளையா இருக்க வாய்ப்பு அதிகம். வயசான தம்பதி வீட்டுல 3 வயசுப் பேரப்பிள்ளை தனியா இருந்தா, கல்யாணம் ஆகாத மகள் பெத்து விட்டுட்டு வேலைக்குப் போயிருக்கலாம், அந்த வடகிழக்குப் பக்கம் அது ரொம்ப சாதாரணம், குழந்தையை தாத்தா பாட்டி தாராளமா தங்களோட வச்சு வளத்தாங்க. இதைக் கண்டுபிடிச்சா இன்னைக்கு இருக்கற சொந்தக்காரங்ககிட்ட பக்குவமா சொல்லுங்க.

மொழி பத்தி 1881-லதான் மொதல்ல கேட்டாங்க, கேலிக் (ஸ்காட்லாந்து மலைப்பகுதியோட பழைய மொழி) பேசறவங்களுக்கு அதைக் குறிச்சாங்க. 1891-லேர்ந்து கேலிக் மட்டுமா, கேலிக்கும் இங்கிலீஷுமான்னு பிரிச்சாங்க. ஒரே வீட்டுல பாட்டிக்கு கேலிக் மட்டும், பேரப்பிள்ளைங்களுக்கு ரெண்டும்னு இருக்கறதைப் பாத்தா கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருப்பீங்க.

வீடு எங்க இருந்துச்சுன்னு பாக்க ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தோட பழைய சர்வே வரைபடங்கள் ஆன்லைன்ல இலவசமா இருக்கு, ஒரு மைலுக்கு ஆறு அங்குல அளவுல ஒவ்வொரு பண்ணைக்கும் பேர் போட்டிருக்கும், கிணறுகூடத் தெரியும். சென்சஸ் இல்லாத வருஷத்துக்கு 1855-லேர்ந்து வர்ற சொத்து மதிப்புப் பட்டியல் இருக்கு, ஆனா வாடகை 4 பவுண்டுக்குக் கீழன்னா குடியிருக்கறவர் பேரே பல இடத்துல இருக்காது, நம்ம உழவுக்காரர் மாதிரி ஆளுங்க அதுல மாட்டறது கஷ்டம், விவசாயியும் க்ராஃப்டரும் மாட்டுவாங்க.

இதெல்லாம் எடுத்தப்புறம் அந்த வரைபடத்தை ஒரு தாள்ல அச்செடுத்து பிள்ளைங்க பிறந்த ஊர் ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல வயசு வரிசையில எண் போடுங்க, ஒண்ணு ரெண்டு மூணுன்னு கோடு இழுங்க. நான் மேல சொன்ன வீட்டுக்கு இழுத்தா எல்லா ஊரும் ஒரு நாள் நடைக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும். அடுத்தது 1881 ஏப்ரல் 3. பத்து வருஷத்துல அந்த உழவுக்காரர் இருந்தாலும் இருப்பாரு, இல்லாமலும் போயிருப்பாரு, அதனால அவரைத் தேடாதீங்க. அந்த 5 மாசக் கைக்குழந்தைக்கு இப்ப 10 வயசு, பொறந்த ஊரு லாரன்ஸ்கிர்க், அது இன்னும் வேலைக்குப் போற வயசு இல்ல, அம்மா எங்க இருக்காங்களோ பெரும்பாலும் அங்கதான் இருக்கும். இலவசப் பட்டியல்ல அந்தப் பிள்ளை பேரைப் போடுங்க.